யசிந்தா அக்கா தூர்த்த கிணறு

குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காகக் காத்து நின்றபோது அந்தச் செய்தி வந்தது. காற்று பலமாக இருந்தது. படகு புறப்படுமா இல்லையா என்று ஆட்கள் தங்களுக்குள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். தொலைபேசியில் பேசியவர் றேமன். ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்பவர், யசிந்தா அக்காவின் தம்பி.

"அண்ணை, அக்கா போட்டா. விடிய எழுப்பப் போனனான். எழும்பேல்லை."

காற்றில் எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்து அவர் இன்னொரு தடவை சொன்னார். முதல் தடவையே எனக்கு விளங்கியிருந்தது. நெடுந்தீவின் குடிநீர்த் தட்டுப்பாட்டைப் பற்றி எழுதத்தான் அன்று புறப்பட்டிருந்தேன். எந்தக் கிணற்றடியில் யாரிடம் பேச வேண்டும் என்று முதல்நாள் மாலை எனக்கு விளக்கிச் சொன்னவரே அவர்தான். குரலில் களைப்பு இருந்தது. ஆனால் வழமைபோல் நான் கேட்டதை விட இரண்டு விடயம் கூடுதலாகச் சொன்னார். படகு கடைசியில் புறப்பட்டது. நான் ஏறவில்லை.

அவருடைய முப்பத்தோராம் நாள் பூசையில் வெளியிடப்படும் இந்த நினைவு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி றேமன் கேட்டார். தீவகத்தில் யசிந்தா அக்காவை அறியாதவர்கள் குறைவு. எனினும் இம்மலர் கடல் கடந்தும் போகும் என்பதால், அறியாதவர்களுக்காகவும் சேர்த்தே எழுதுகிறேன்.

செல்வி யசிந்தா அருளானந்தம் ஊர்காவற்றுறைக் கடற்றொழிலாளர் குடும்பம் ஒன்றின் மூத்த பிள்ளை. படவரைஞராகப் பயிற்சி பெற்று, நீர் வழங்கலோடு தொடர்புடைய அலுவலகங்களில் பணியாற்றினார். குளத்துக்கும் வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும் படம் வரைவதுதான் தொழில். யுத்தம் அவரை வன்னிக்குக் கொண்டுபோய், பின்னர் முகாமில் விட்டது. அந்த ஆண்டுகளைப் பற்றி அவர் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் நண்பர்கள் சிலரைச் சேர்த்து 'நன்னீர் வட்டம்' என்ற சிறிய தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கோயில் வீதியில் ஓர் அறை, ஒரு மேசை, சில கதிரைகள், சுவரில் தீவுகளின் பெரிய வரைபடம். வரைபடத்தை அவரே வரைந்திருந்தார். ஊர்ப் பெயர்கள் இருக்க வேண்டிய இடங்களில் கிணறுகளின் பெயர்களை எழுதியிருந்தார்.

நான் அவரை முதலில் சந்தித்தது புளியங்கூடலில், ஒரு பங்குக் கிணற்றடியில். ஒரு கிணற்றின் தண்ணீரில் பல குடும்பங்களுக்கு உரிமை இருந்தால் அது பங்குக் கிணறு. காணி உறுதியில் நிலத்தோடு கிணற்றுப் பங்கும் எழுதப்படும். வெளிநாட்டில் பிறந்து, ஊரைக் கண்ணாலும் கண்டிராத பிள்ளைகளுக்கு இங்கே ஒரு கிணற்றில் பங்கு இருப்பதுண்டு. புளியங்கூடல் கிணற்றின் நிலையும் அதுதான். பங்குக்காரர் கனடாவிலும் பிரான்சிலும் நோர்வேயிலும் கொழும்பிலுமாகச் சிதறியிருந்தார்கள். கிணற்றை நம்பி அங்கேயே இருந்தவர் மனோன்மணி அக்கா ஒருவர்தான். கணவரை இழந்தவர். சில மாடுகளும் ஒரு துண்டு வெங்காயத் தோட்டமும் அவருடைய சீவியம். அவருடைய வாசல் படலைக்கும் கிணற்றுக்கும் இடையில் ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை.

அந்த ஆண்டு மழை பொய்த்துக் கிணற்றில் தண்ணீர் கீழே போயிருந்தது. நன்னீர் வட்டம் உதவி திரட்டி, அடிப்பாறையை உடைத்துக் கிணற்றை ஆழமாக்கியது. அதுவே அவர்களுடைய முதற்பணி. ஊர் கூடியிருந்தது. கிணற்றுக் கட்டில் பெயர்க்கல் பதித்திருந்தார்கள். புதிய மோட்டரைப் போட்டதும் குழாயில் தண்ணீர் பாய்ந்தது. யசிந்தா அக்காவும் மனோன்மணி அக்காவும் குழாயடியில் நனைந்தபடி சிரிக்கும் படத்தை நான் எடுத்தேன். எங்கள் பத்திரிகை அதைப் பெரிதாக வெளியிட்டது.

அடுத்த கோடையில் வெங்காயத் தாள் நுனியிலிருந்து கருகத் தொடங்கியது. மாடுகள் வாளியை மணந்துவிட்டு முகத்தைத் திருப்பின. தண்ணீர் தாராளமாக இருந்தது, ஆனால் அது உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர்.

தீவகத்தின் நிலத்தடி நீரைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். எங்களுக்கு ஆறு இல்லை. மழை தரும் நீர் சுண்ணக்கல்லின் ஊடாக இறங்கி, கீழே ஊறி நிற்கும் கடல்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. நல்ல தண்ணீர் என்று நாங்கள் சொல்வது அந்தப் படையைத்தான். கிணற்றை ஆழமாக்கினால் தண்ணீர் பெருகும் என்பது மற்ற ஊர்களில் சரியாக இருக்கலாம். இங்கே ஆழமாக்குவது கடலை நோக்கிப் போவது. அதன் மேல் மோட்டரும் போட்டு இழுத்தால், கடல் தானாக மேலே ஏறி வரும்.

யசிந்தா அக்கா செய்ததை இன்றைக்கும் நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அவர் சனசமூக நிலையத்தில் ஒரு கூட்டம் கூட்டும்படி கேட்டார். உதவி தந்தவர்களையோ பாறை உடைத்தவர்களையோ மழையையோ காரணம் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் நானும் போயிருந்தேன். அவர் எழுந்ததும் மனோன்மணி அக்கா முன்வரிசையிலிருந்து தொடங்கிவிட்டார்.

"வந்திட்டா, எங்கட கிணத்துக்கு உப்புப் போட்ட மகராசி. இனி என்ன போடப் போறீர், புளியோ?"

சிலர் சிரித்தார்கள். யசிந்தா அக்கா சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"அக்கா சொல்லுறது சரி," என்றார். "உப்புப் போட்டது நான்தான். படம் கீறினது நான். இன்னும் வெட்டுங்கோ எண்டு சொன்னதும் நான். எங்கட ஆக்கள் கடற்கரையில பூவல் தோண்டித்தான் தண்ணி குடிச்சவை. மணலில கையாலை ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான். அதைவிட ஆழமாத் தோண்டினால் அம்மா கையிலை அடிப்பா. அதைக் குடிச்சு வளந்த பிள்ளை நான். பிறகு மேசையில இருந்து படம் கீறிக் கீறி அதை மறந்துபோனன்."

பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "சரி தங்கச்சி, இப்ப என்ன செய்யிறது?"

"கிணத்தைக் கட்டையாக்க வேணும். வெட்டின அளவுக்குத் திருப்பித் தூர்க்க வேணும். மோட்டரைக் கழட்ட வேணும். பிறகு பேசாமல் இருக்க வேணும்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"மழையைத்தான் கேக்க வேணும். ஒரு மழை காணாது. நாலைஞ்சு மாரி எண்டாலும் போகும்."

"அதுவரைக்கும் நான் என்னத்தைக் குடிக்கிறது? உம்மட படத்தையோ?" என்றார் மனோன்மணி அக்கா.

"பவுசர் லொறியில தண்ணி வர ஒழுங்கு செய்யிறன், அக்கா. தோட்டத்துக்கு என்னாலை ஒண்டும் ஏலாது. ஆனா இந்தக் கிணத்தை நல்ல தண்ணியாக்காமல் நான் வேற வேலைக்குப் போகமாட்டன்."

கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். "அண்டைக்கு என்ர படம் போட்டனீர். இண்டைக்கும் போடும். நன்னீர் வட்டம் புளியங்கூடலில ஒரு கிணத்தைப் பழுதாக்கிப் போட்டுது எண்டு தலைப்புப் போடும்."

"உங்களுக்கு உதவி செய்யிறவை விட்டிட்டுப் போவினம், அக்கா."

"போவினம். ஆனா மற்ற ஊருகளிலையும் இப்ப வெட்டிக்கொண்டு நிக்கினம். அவை பாக்கோணும்."

நீண்ட காலம் செய்தி எழுதியிருக்கிறேன். திறப்பு விழாக்களுக்கு அழைக்காத தொண்டு நிறுவனம் இல்லை. தன் தோல்வியைத் தலைப்பாகப் போடும்படி கேட்டு வந்தவர் அவர் ஒருவரே. செய்தி வெளிவந்தது. உதவி செய்தவர்களில் பாதிப்பேர் விலகிப் போனார்கள். சுருவிலில் கிணறு வெட்டத் தயாராக இருந்த ஒரு குடும்பம், செய்தியைப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்தியது. யசிந்தா அக்கா முதலாவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவதைக் கேள்விப்பட்ட அன்று அறையில் இருந்த எல்லோருக்கும் வடை வாங்கித் தந்தார்.

கிணற்றைத் தூர்ப்பதற்குப் பங்குக்காரர் ஒவ்வொருவருடைய சம்மதமும் வேண்டும். வெட்டும்போது எளிதாகக் கிடைத்த சம்மதம், தூர்க்கும்போது கிடைக்கவில்லை. யசிந்தா அக்கா ஒவ்வொருவரையும் தொலைபேசியில் தேடிப் பிடித்தார். அவர்களுடைய வேலை நேரத்துக்கும் நித்திரை நேரத்துக்கும் ஏற்பத் தன் நாளை மாற்றி அமைத்துக்கொண்டார். நோர்வேயில் ஒருவர் தமக்கு அப்படி ஒரு பங்கு இருப்பதையே அவர் சொல்லித்தான் அறிந்தார். கடைசிவரை மறுத்தவர் கனடாவிலிருந்த ரவீந்திரன். கிணற்றை முதலில் வெட்டியவர் அவருடைய தகப்பனார். அந்த உரையாடல் நடந்தபோது நான் அந்த அறையில் இருந்தேன். ஒலிபெருக்கியில் இருவருடைய குரலும் கேட்டது.

"அன்ரி, அப்பா கல்லோட மல்லுக்கட்டி வெட்டின கிணறு. அதை மூடுறதுக்கு நான் ஓம் எண்டு சொல்லுவனோ?"

"மூடேல்லைத் தம்பி, கட்டையாக்கிறம்."

"ரெண்டும் ஒண்டுதானே."

"ஒண்டில்லை. உங்கட அப்பா எந்த ஆழத்தில நிப்பாட்டினவரோ, அந்த ஆழத்துக்குத்தான் திருப்பிக் கொண்டு போறன். அவர் வெட்டினதில ஒரு சாணையும் தொடமாட்டன். நான் வெட்டினதைத்தான் மூடுறன். அவர் ஏன் அதில நிப்பாட்டினவர் எண்டு யோசிச்சுப் பாத்தனீங்களோ?"

மறுமுனையில் "செய்யுங்கோ," என்று மட்டும் கேட்டது.

தூர்த்த அன்று றேமனும் அவருடைய கூட்டாளிகளும் கடற்றொழிலுக்குப் போகாமல் வந்திருந்தார்கள். கழுவிய சுண்ணக்கல்லையும் களிமண்ணையும் படை படையாக இறக்கி, மிதித்து இறுக்கினார்கள். யசிந்தா அக்கா கிணற்றுக் கட்டில் இருந்து அளவு பார்த்தார். தண்ணீர் தேடிக் கிணறு வெட்டியவர்களை நான் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறேன். தண்ணீர் தேடிக் கிணற்றைத் தூர்ப்பவர்களை அன்றுதான் பார்த்தேன். வீதியால் போன முதியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

"ஏன் தூர்க்கிறியள்? ஆரும் விழுந்து செத்ததோ?"

"இல்லை அண்ணை," என்றார் மனோன்மணி அக்கா. "செத்த கிணத்துக்கு உயிர் குடுக்கினமாம். நானும் விடுப்புப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

கட்டிலிருந்த பெயர்க்கல்லைப் பெயர்த்துவிடவா என்று றேமன் கேட்டார். "கிடக்கட்டும். ஆர் செய்தது எண்டு சனத்துக்குத் தெரியோணும்," என்றார் தமக்கை.

அதன் பிறகு நடந்தது பார்வைக்கு ஒன்றுமில்லை. அதுதான் அந்த வேலையின் இயல்பு. மழைநீர் கடலுக்கு ஓடாமல் நிலத்தில் தங்கும்படி சுற்றியிருந்த வெறுங்காணிகளுக்கு வரம்பு கட்டுவித்தார். அடைபட்டுக் கிடந்த வாய்க்காலைத் திறந்து பக்கத்துக் குளத்தோடு சேர்த்தார். மோட்டருக்கு வந்த மின்கம்பியைக் கழற்றச் செய்தார். மற்றப்படி அவர் செய்ததெல்லாம் வருவதும் பார்ப்பதும் போவதும்தான். மழையோ வெயிலோ, தன் ஸ்கூட்டியில் வந்து, தண்ணீரின் உப்பை அளக்கும் மீற்றரைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் வயர் முனையை ஒரு நீளக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவார். இதே கயிற்றோடு நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறிப் போவார். அங்கேயும் கிணறு வெட்டப் புறப்பட்டவர்களிடம் புளியங்கூடல் கதையைத்தான் சொல்வார். தன்னைப் பற்றிய அந்தக் கதையை அவர் ஒருபோதும் மென்மையாக்கிச் சொன்னதில்லை.

ஒரு மாரி முடிந்த நேரம், கயிற்றை என் கையில் தந்து இறக்கச் சொன்னார். மீற்றரில் முதலில் சிறிய எண். இன்னும் இறக்கினேன், அதே எண். பிறகு ஒரு முழம்கூட இறங்கியிராது, எண் பாய்ந்து ஏறியது.

"அதுதான் கடல்," என்றார்.

நான் மேலே இழுத்தேன். எண் குறைந்தது. மறுபடி இறக்கினேன். அதே இடத்தில் மறுபடி பாய்ந்தது. கிணற்றுத் தண்ணீர் அசையாமல், வானத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோடும் தெரியவில்லை.

"இவ்வளவுதானோ அக்கா?"

"இவ்வளவுதான். ஒரு பாய் விரிச்ச மாதிரி. அந்தப் பாயிலதான் நாங்கள் எல்லாரும் இருக்கிறம். கோயிலும் பள்ளிக்கூடமும் மாடும் தோட்டமும் எல்லாம் அதிலதான். நான் அதைக் கிழிச்சுப்போட்டன். இப்ப தன்ரபாட்டில பொருந்துது. பாத்தீரோ, போன வருசத்தை விட ஒரு சாண் தடிப்பு."

இத்தனை ஆண்டுகள் அந்த மண்ணில் நடந்தவன் நான். அன்று வீடு திரும்பும்போது காலை ஊன்றி வைக்கவே ஒரு தயக்கமாக இருந்தது.

பிறகு ஒரு கோயில் திருவிழா வந்தது. ரவீந்திரன் பல ஆண்டுகளின் பின் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தார். மனோன்மணி அக்கா மகளைப் பார்க்கப் பட்டினத்துக்குப் போயிருந்த நாளில், தகப்பனாரின் கிணற்றை எட்டிப் பார்த்திருக்கிறார். பாசி படர்ந்து, சருகு மிதந்து, யாரும் தொடாமல் கிடந்தது. இங்கே எங்கள் ஆட்களுக்கே உரிய ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். விசேடம் வந்தால் வீட்டைக் கழுவுவது போலக் கிணற்றையும் இறைத்துக் கழுவுவோம். பாவிக்காத தண்ணீர் பழுதாகும், பழைய தண்ணீரை இறைத்துக் கொட்டினால் புதியது ஊறும் என்பது எங்கள் இரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. ரவீந்திரன் வாடகைக்கு இரண்டு இறைப்பு மெசின் பிடித்தார். மச்சான்மார் இறங்கிச் சுவரைத் தேய்த்தார்கள். அடி தெரியும்வரை இறைத்தார்கள்.

யசிந்தா அக்காவும் நானும் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் வெள்ளவாய்க்காலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர் முழுவதும் வீதியோரமாகக் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை மாரியாகச் சேர்ந்த தண்ணீர்.

ரவீந்திரன் ஓடி வந்தார். "அன்ரி, நீங்கள்தானே யசிந்தா அன்ரி? வாங்கோ, பாருங்கோ. கண்ணாடி மாதிரி. இப்ப புதுத் தண்ணி ஊறுது."

யசிந்தா அக்கா கட்டைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். "எவ்வளவு நேரம் இறைச்சனீங்கள், தம்பி?"

"விடியத் துவங்கினது. இப்பத்தான் நிப்பாட்டினம்."

அவர் மீற்றரை வெளியே எடுக்கவே இல்லை. வாளியை இறக்கி, ஊறிக்கொண்டிருந்த புதுத் தண்ணீரில் ஒரு கை அள்ளி, ரவீந்திரனிடம் நீட்டினார். ரவீந்திரன் வாயில் வைத்தார், துப்பினார். அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். நல்ல உயரமான, வெளிநாட்டில் சொந்தக் கடை நடத்தும் மனிதர். பிள்ளை போல நின்றார்.

"நான் நல்லதுக்குத்தானே செய்தனான், அன்ரி."

நான் யசிந்தா அக்காவைப் பார்த்தேன். கோபப்பட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதை இங்கே எழுத முடியாது.

"ஓம் தம்பி," என்றார். "நானும் நல்லதுக்குத்தான் செய்தனான். வாங்கோ, இதில கொஞ்சம் இருப்பம்."

இருவரும் கட்டில், அந்தப் பெயர்க்கல்லுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். பிழையை எப்படித் திருத்துவது என்று அவர் பேசவில்லை. தகப்பனார் எப்படிக் கிணறு வெட்டினார், எத்தனை உளி தேய்ந்தது என்று கேட்டார். ரவீந்திரன் அழுதபடியே சொன்னார். அதன் பிறகு அந்தக் கிணற்றுக்கு ரவீந்திரனைவிடக் கடுமையான காவல்காரர் எந்த நாட்டிலும் இருந்ததில்லை. யாராவது பங்குக்காரர் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார் என்றால், விமானம் ஏறுமுன் அவருக்கு ரவீந்திரனின் அழைப்பு வந்துவிடும்.

ஆனால் மனோன்மணி அக்கா உடைந்துபோனார். பட்டினத்திலிருந்து வந்து, நடந்ததைக் கேட்டு, படலையடியில் அப்படியே இருந்துவிட்டார்.

"இனி ஏலாது, பிள்ளை. மகள் வா வா எண்டு கூப்பிடுறாள். மாடுகளை வித்துப்போட்டுப் போறன்."

"போகாதேங்கோ எண்டு சொல்ல எனக்கு முகமில்லை, அக்கா," என்றார் யசிந்தா அக்கா. "ஆனா மாடுகளை விக்கிறதெண்டால் எனக்கு முதல் சொல்லுங்கோ."

"ஏன், நீர் வாங்கப் போறீரோ?"

"இல்லை. கூட நிண்டு அழ."

மனோன்மணி அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "விசர்ப் பெட்டை," என்றார். அறுபதைக் கடந்த ஒருவரைப் பைத்தியக்காரப் பிள்ளை என்று அழைத்ததில் கோபம் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. மாடுகள் விற்கப்படவில்லை.

வேலை முதலிலிருந்து தொடங்கியது. அதாவது, காத்திருப்பது தொடங்கியது. மாரி வந்தது, போனது. மறுபடி வந்தது. யசிந்தா அக்காவின் இருதயம் பலவீனமாகியிருப்பதாக வைத்தியர்கள் சொன்னார்கள். ஸ்கூட்டி ஓட்டக்கூடாது என்றதும் பஸ்ஸில் வந்தார். பஸ்ஸும் கூடாது என்றதும் தொலைபேசியில் மனோன்மணி அக்காவைக் கயிறு இறக்கச் சொல்லி, எண்ணை வாசிக்கச் செய்தார். "கண்ணாடி போட்டுக்கொண்டு வாசியுங்கோ," என்று இவர் சொல்வதும், "கண்ணாடி போட்டுக்கொண்டுதான் நிக்கிறன், உமக்குத்தான் காது கேக்கேல்லை," என்று அவர் சொல்வதும் வாராவாரம் நடந்தது.

கிணற்றின் நிலையைப் பற்றி அவர் நல்ல வார்த்தை சொன்னதே இல்லை. மழைக்குப் பிறகு எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான் என்பார். கோடையின் கடைசியில், நிலம் வெடித்துக் கிடக்கும்போது எப்படி இருக்கிறதோ அதுதான் உண்மையான தண்ணீர். அதுவரை தீர்ப்பு இல்லை.

இந்த ஆண்டுக் கோடை கடுமையாக இருந்ததை வாசகர்கள் அறிவார்கள். அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் பார்க்கப் போயிருந்தேன். மனோன்மணி அக்கா ஒரு சோடாப் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் நின்றார். தாதி பார்க்காத நேரம் மூடியைத் திறந்து கொடுத்தார். யசிந்தா அக்கா ஒரு மிடறு எடுத்து, விழுங்காமல், கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்திருந்தார். நாங்கள் இருவரும் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். விழுங்கினார்.

"ம்," என்றார். "ஆவணி கடக்கட்டும்."

"பாத்தீரோ, தம்பி?" என்று மனோன்மணி அக்கா என்னிடம் திரும்பினார். "சாகக் கிடந்தாலும் ஒரு நல்ல சொல்லுச் சொல்லாது இது."

யசிந்தா அக்கா சிரித்தார். மூச்சு வாங்கியதால் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். அதுவே நான் அவரை நேரில் கண்ட கடைசித் தடவை. சில நாளில் வீட்டுக்கு விட்டார்கள். ஆவணி கடந்துகொண்டிருந்த ஒரு விடியலில் அவர் போய்விட்டார்.

ஊர்காவற்றுறையில் அவ்வளவு பெரிய செத்தவீட்டை அண்மையில் நான் கண்டதில்லை. நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் படகு படகாக ஆட்கள் வந்தார்கள். கோயிலில் இருந்தும் பள்ளிவாசலில் இருந்தும் வந்தார்கள். வெயில் கொளுத்தியது. பந்தலுக்குப் பின்னால் தேநீர் வைத்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பவுசர் தண்ணீர் முடியும் நிலைக்கு வந்துவிட்டது. வேறு பவுசர் எதுவும் அப்போது கிடைக்கவில்லை.

அந்த நேரம் மனோன்மணி அக்கா பஸ்ஸால் இறங்கி, ஒரு கான் தண்ணீரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார். நேரே அடுப்படிக்குப் போய்க் கானை வைத்தார்.

"எங்கட கிணத்துத் தண்ணி. இதில தேத்தண்ணி வையுங்கோ."

பால்மாவைக் கரைத்துக்கொண்டிருந்த பெண் தயங்கினார். சவர்த் தண்ணீரில் பால் போட்டால் திரைந்துவிடும். செத்தவீட்டில் திரைந்த தேநீரைக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? மனோன்மணி அக்கா தானே கேத்தலை வைத்து, கொதித்ததும் பாலை ஊற்றினார். அடுப்பைச் சுற்றி நின்ற எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பால் திரையவில்லை. வெள்ளையாக, வழுவழுப்பாகக் கலந்து நின்றது.

"நல்ல தண்ணி," என்றார் யாரோ, மெதுவாக.

உடனே பேச்சுக் கிளம்பியது. றேமனின் கூட்டாளி ஒருவர், கிணற்றைத் தூர்க்கக் கல் சுமந்தவர், முன்னுக்கு வந்தார். "அக்கா, தண்ணி இருக்கெண்டால் பிறகென்ன? என்னட்ட மெசின் இருக்கு, லாண்ட்மாஸ்டர் டிராக்டரில தாங்கி ஏத்தலாம். ஒரு தாங்கி இழுத்துக்கொண்டு வந்தால் சனம் முழுக்கக் குடிக்கும். யசிந்தா அக்கான்ர செத்தவீட்டுக்கு யசிந்தா அக்கான்ர கிணத்துத் தண்ணி. இதைவிட மரியாதை வேற என்ன?"

பலர் தலையாட்டினார்கள். எனக்கும் அந்த நேரத்தில் அது அழகான யோசனையாகவே பட்டது. எல்லோரும் மனோன்மணி அக்காவைப் பார்த்தார்கள். அவர் கண் சிவந்திருந்தது. சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏலாது," என்றார்.

"ஒரு நாளைக்குத்தானே அக்கா."

"ஏலாது, தம்பி. ஒரு கான். அவ்வளவுதான் இண்டைக்கு அதில எடுக்கலாம். மெசினோட ஆரும் அந்தப் பக்கம் வந்தால் நான் கிணத்துக் கட்டில ஏறிக் குந்துவன்."

கூட்டாளி றேமனைப் பார்த்தார். றேமன் தமக்கையின் சவப்பெட்டி இருந்த பக்கம் திரும்பினார். பிறகு, கடையில் போய்ப் போத்தல் தண்ணீர் வாங்கி வரும்படி இரண்டு பேரை அனுப்பினார்.

அந்தக் கான் தண்ணீர் ஒரு கேத்தலுக்கும் கொஞ்சம் அதிகமாகத்தான் காணும். பெட்டி தூக்க வந்தவர்களுக்கும், நெடுந்தீவிலிருந்து வந்த முதிய பெண்கள் சிலருக்கும் ஊற்றிக் கொடுத்தார்கள். அவர்கள் பேசிக்கொண்டே குடித்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. யாரும் ருசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. குடித்து முடித்துக் கோப்பையை வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கப் போனார்கள்.

அக்கா, அன்றைய தேநீரில் ஒரு கோப்பை எனக்குக் கிடைக்கவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் மனோன்மணி அக்கா என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். ஆவணியும் கடந்துவிட்டது. நிம்மதியாகப் போங்கள்.